தமிழ்ச் சமணர் எத்தனை பேர்? 89,265 என்ற எண்ணுக்குள் இருப்பவர்கள் யார்?

ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களைப் பற்றிச் சிற்றிதழ் ஒன்றுக்காக நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் தமிழ்ச் சமணரைப் பற்றிய பகுதியில், அவர்கள் இன்று எத்தனை பேர் என்ற ஒரே வரியில் வந்து நின்றுவிட்டேன். நான் படித்த கட்டுரைகளில் ஒன்று 85,000 என்கிறது, இன்னொன்று 25,000 என்கிறது. மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போயிருந்தபோது அங்கே பேசிக்கொண்டிருந்த இருவர் எனக்கு இரண்டு வேறு எண்களைச் சொன்னார்கள், இருவருமே உறுதியாகச் சொன்னார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஜைனர் 89,265 பேர். மாநில மக்கள்தொகையில் இது 0.12 விழுக்காடு. ஆனால் சென்னை சௌகார்பேட்டையில் மூன்று தலைமுறையாகத் துணி வணிகம் செய்யும் ராஜஸ்தானிக் குடும்பமும் பொன்னூர் மலை அடிவாரத்தில் நெல் விளைவிக்கும், நயினார் என்ற பட்டம் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பமும் இந்த ஒரே எண்ணுக்குள்தான் இருக்கின்றன. நான் அறிய விரும்புவது இரண்டாவது வகையினரின் எண்ணிக்கையை மட்டுமே, அதாவது தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட திகம்பரச் சமணரின் எண்ணிக்கையை. அரசு தரும் எண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்க நேர்மையான வழி ஏதேனும் உண்டா? வாக்காளர் பட்டியலில் நயினார் என்ற பெயரைத் தேடி எண்ணிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். அது சரிப்படுமா என்பதையும் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

கூட்டல்கழித்தல் எழுதியது:

புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முதலில் அந்த 85,000 எங்கிருந்து வந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜைனர் 83,359 பேர், அன்றைய மக்கள்தொகையில் 0.13 விழுக்காடு. அந்த மொத்தத்தைத் தோராயமாக்கிய எவரோ "தமிழ்நாட்டு ஜைனர்" என்பதைத் "தமிழ் ஜைனர்" என்று எழுதியிருக்க வேண்டும். ஒருவர் எழுதியதைப் பிறகு பத்துப் பேர் எடுத்தாண்டிருப்பார்கள். ஆகவே 85,000 என்பது மதிப்பீடே அன்று, பெயர் மாறிப் போன மொத்தம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கணக்கெடுப்புப் படிவத்தில் ஒவ்வொருவரின் மதமும் கேட்கப்படுகிறது, தாய்மொழியும் கேட்கப்படுகிறது. ஆகவே "மதம் ஜைனம், தாய்மொழி தமிழ்" என்று பதிவானவர் எத்தனை பேர் என்ற விடை மூலத் தரவுக்குள் இருக்கவே செய்கிறது. ஆனால் வழக்கமான வெளியீடுகளில் மதம் ஒரு பட்டியலாகவும் தாய்மொழி வேறொரு பட்டியலாகவும் வருகின்றனவே ஒழிய, இரண்டையும் குறுக்கே வைத்த பட்டியல் வருவதில்லை. விடை பெட்டிக்குள் இருக்கிறது, சாவி நம்மிடம் இல்லை. எனவே சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

சுற்றுவழிகளில் எளியது கழித்தல். 2011இல் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732, அதில் ஜைனர் 1.11 விழுக்காடு. அப்படியானால் ஏறத்தாழ 51,600 பேர் சென்னையிலேயே இருந்தார்கள். மாநிலத்தின் ஜைனரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நகரில் இருந்திருக்கிறார்கள் என்பது இதன் பொருள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் ராஜஸ்தான், குஜராத் வழி வந்தவர்கள். சென்னையை நீக்கினால் மாநிலம் முழுவதற்கும் எஞ்சுவது சுமார் 37,700 பேர்.

இந்த 37,700 முழுவதும் தமிழ்ச் சமணர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கோயம்புத்தூர், சேலம், வேலூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களின் கடைத்தெருக்களிலும் வடநாட்டு ஜைனக் குடும்பங்கள் இருக்கின்றன. திண்டிவனம் அளவுள்ள ஊரில்கூட அடகுக் கடையும் நகைக் கடையும் வைத்திருப்பவர்களில் சிலர் அவர்களாக இருப்பார்கள். பலரும் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் என்பது மாநகராட்சி விரிவாக்கத்துக்கு முந்தைய பழைய எல்லை. அம்பத்தூரும் மாதவரமும் அப்போது திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருந்தன. அங்கே குடியேறிய வடநாட்டு ஜைனர் எல்லோரும் "சென்னைக்கு வெளியே" என்ற பக்கத்தில்தான் விழுவார்கள்.

மறுபுறம், படித்து வேலைக்குச் சென்று சென்னையிலேயே வீடு கட்டிக்கொண்ட தமிழ்ச் சமணர் அந்த 51,600க்குள் மறைந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கழிக்க வேண்டும், மறு பக்கம் கூட்ட வேண்டும்.

கழிக்க வேண்டிய அளவைக் குறுக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. மதவாரிப் பட்டியல் வட்டம் வரையிலும், ஊரகம், நகரம் என்ற பிரிவோடும் கிடைக்கிறது. வடநாட்டு வணிகர் கடைத்தெரு உள்ள ஊரில்தான் குடியேறுவார்கள், ஏர் உழும் சிற்றூரில் குடியேற மாட்டார்கள். ஆகவே வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், செஞ்சி, திண்டிவனம் போன்ற வட்டங்களின் ஊரகப் பகுதியில் ஜைனர் என்று பதிவானவர்களை அநேகமாக அப்படியே தமிழ்ச் சமணர் என்று கொள்ளலாம். இது உங்கள் மதிப்பீட்டின் அடித்தளம், இதற்குக் கீழே எண் இறங்க முடியாது. நகரப் பகுதிகளுக்குத்தான் ஊகம் தேவைப்படும்.

மாதிரி ஆய்வுகளை நம்பி இறங்காதீர்கள் என்றும் ஓர் எச்சரிக்கை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 27,929 வீடுகள் எடுக்கப்பட்டன. 0.12 விழுக்காடு என்றால் அவற்றுள் ஜைன வீடுகள் முப்பத்து மூன்று வரலாம், அவற்றிலும் பாதி சென்னையில். எஞ்சும் பதினைந்து, பதினாறு வீடுகளை வைத்து ஒரு சமூகத்தை அளப்பது ஆகாத காரியம். மேலும் இவர்கள் சில ஊர்களில் திரளாகவும் மற்ற ஊர்களில் அறவே இல்லாமலும் வாழ்பவர்கள். குலுக்கலில் அந்தச் சில ஊர்களில் ஒன்று விழுந்தால் எண் வீங்கும், ஒன்றும் விழாவிட்டால் சுழியமாகும்.

பொன்னூர்க்காரன் எழுதியது:

ஏரிக்கரை அவர்களுக்கும் ஐயா கூட்டல்கழித்தல் அவர்களுக்கும் வணக்கம். நான் அந்த நயினார் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவன், வயது அறுபத்தெட்டு. ஐயா சொன்ன கணக்கு முறையானது. ஆனால் அவர் வைத்துக் கழிக்கும் முதல் எண்ணிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. அதை நேரில் பார்த்தவன் நான்.

2011 பிப்ரவரியில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வந்தவர் ஓர் ஆசிரியை. பொறுமையானவர், வெயிலில் நடந்து களைத்திருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் குடித்துக்கொண்டே பெயர்களை எழுதினார். மதம் என்ற இடம் வந்தபோது கேட்காமலேயே 1 என்று போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். 1 என்றால் இந்து, 6 என்றால் ஜைனம். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னேன், அவரும் வருந்தித் திருத்திக்கொண்டார். எதிர் வீட்டில் என் பெரியம்மா தனியாக இருந்தார். அங்கே ஆசிரியை இம்முறை தவறாமல் "என்ன மதம் அம்மா?" என்று கேட்டார். பெரியம்மா "நாங்கள் நயினார் அம்மா" என்று பதில் சொன்னார். சமண நெறிப்படி எண்பது வயது வரை பொழுது சாய்ந்த பின் ஒரு வாய் சோறு தொட்டறியாதவர் அவர். ஆனால் மதம் என்ற சொல்லை எவரும் அவரிடம் கேட்டதே இல்லை, அவரிடம் இருந்த விடை அதுதான். நான் அங்கே போகாமல் இருந்திருந்தால் அதுவும் 1 ஆகியிருக்கும். எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் நான் இல்லாமல் போனேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன்.

பெயரை வைத்து எண்ணலாம் என்று தங்கள் நண்பர் சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். நயினார் என்பது எங்களுக்கு மட்டுமே உரிய பட்டம் அன்று. பக்கத்துத் தென்னார்க்காட்டுப் பகுதியில் உடையார் சமூகத்தாரிலும் நயினார் என்ற பட்டம் கொண்டவர்கள் நிறையப் பேர். கடற்கரை ஊர்களில் நயினார் முகமது என்ற பெயரை முஸ்லிம் குடும்பங்களில் காணலாம். திருநெல்வேலிப் பக்கம் போனால் சைவக் குடும்பங்களில் பிள்ளைக்கே நயினார் என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரைத் தேடினால் எங்களைத் தவிர எல்லோரும் கிடைப்பார்கள், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் பலர் பட்டத்தைப் பெயரோடு எழுதுவதையே விட்டுவிட்டார்கள்.

பெயரால் அடையாளம் காண வேண்டுமானால் நாங்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் பெயர்கள் ஓரளவு உதவும். நேமிநாதன், மல்லிநாதன், பார்சுவநாதன், அஜிததாஸ், ஜினதாஸ் என்ற பெயர்கள் எங்கள் வீடுகளில் மிகுதி. அப்பாண்டைராஜன் என்று ஒருவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். திருநறுங்கொண்டையில் கோயில் கொண்டிருக்கும் பார்சுவநாதருக்கு அப்பாண்டைநாதர் என்று பெயர், அந்தப் பெயரை வேறு யாரும் வைப்பதில்லை. ஆனால் பெண்களின் பெயர்களில் இந்த உபாயம் பலிக்காது. பத்மாவதி எங்கள் வீட்டிலும் உண்டு, திருச்சானூர் தாயாரை வணங்கும் வீட்டிலும் உண்டு.

ஊர் ஊராகத் தலைக்கட்டை, அதாவது கோயில் வரி கொடுக்கும் குடும்பங்களை, எண்ணிக் கூட்டினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். எங்கள் சமூகத்தில் புழங்கும் எண்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான், அதிலும் சிக்கல் உண்டு. எங்கள் ஊர் ஜினாலயத்தின் வரிப் புத்தகத்தில் 42 தலைக்கட்டு. இரவில் தெருவில் நடந்தால் விளக்கெரிவது 19 வீடுகளில். மீதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு, திருவிழாவுக்கு வரி மட்டும் தவறாமல் அனுப்புகிறவர்கள். அவர்களே குடியிருக்கும் நகரத்துச் சங்கத்திலும் உறுப்பினர், அங்கேயும் ஒரு முறை எண்ணப்படுகிறார்கள். திருமணமான மகன் ஒரே வீட்டில் இருந்தாலும் தனித் தலைக்கட்டு. கணவனை இழந்து தனித்திருக்கும் பெண்ணின் வீட்டில் வரி வாங்குவதில்லை, ஆகவே அவர் எந்தத் தலைக்கட்டிலும் இல்லை. என் பெரியம்மா கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ விடுபட்டார், கோயில் புத்தகத்திலும் இல்லை.

கூட்டல்கழித்தல் எழுதியது:

பொன்னூர்க்காரன் ஐயா எழுதியதைப் படித்த பின் என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்கிறேன். ஊரகப் பதிவை அடித்தளம் என்றேன், அது நிற்கும். தவறாக 1 இடப்பட்டவர்கள் அதன் மேல் சேருவார்களே தவிர அதைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் 37,700 என்பதை மேல் எல்லைபோல் எழுதியது பிழை.

விடுபட்டவர் எத்தனை பேர் என்பதை அளக்கவும் ஒரு முறை உண்டு, அதற்கு நம் நாட்டோடு நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மக்கள்தொகையியலாளர் சந்திரசேகரன், அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங்குடன் சேர்ந்து 1949இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் பிறப்பு, இறப்புகளைப் பதிவாளர் தனியாகவும் ஆய்வாளர்கள் வீடு வீடாகத் தனியாகவும் குறித்திருந்தார்கள். இரு பட்டியலிலும் இருப்பவை எத்தனை, ஒன்றில் மட்டும் இருப்பவை எத்தனை என்று பார்த்து, இரண்டிலுமே இல்லாதவை எத்தனை இருக்கும் என்று கணக்கிட அவர்கள் வழி சொன்னார்கள்.

அதை இங்கே பொருத்திப் பார்ப்போம். விளக்கத்துக்காக மட்டும் கற்பனை எண்களைத் தருகிறேன். ஒரு வட்டத்தில் கோயில் வரிப் புத்தகங்களில் 600 குடும்பங்கள் இருக்கட்டும். திருமணத்துக்காகத் தொகுக்கும் வரன் கையேடுகளிலிருந்து 400 குடும்பங்கள் கிடைக்கட்டும், இரண்டிலும் இருப்பவை 300 என்று கொள்வோம். வரன் கையேட்டில் உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கு வரிப் புத்தகத்தில் அகப்பட்டிருக்கிறார்கள். அதே விகிதத்தில்தான் மொத்தச் சமூகமும் வரிப் புத்தகத்தில் அகப்பட்டிருக்கும் என்று கொண்டால், 600 என்பது மொத்தத்தில் நான்கில் மூன்று. ஆகவே மொத்தம் 800. இரு பட்டியலையும் சேர்த்தால் கிடைப்பது 700 மட்டுமே, எஞ்சிய 100 எவர் கண்ணிலும் படாதவை.

ஆனால் "அதே விகிதத்தில்" என்ற இடத்தில்தான் இந்த முறை சறுக்கும். கோயிலோடு ஒட்டி வாழும் குடும்பமே வரன் கையேட்டிலும் பெயர் கொடுக்கும், ஒதுங்கிய குடும்பம் இரண்டிலும் இராது. பட்டியல்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் பொதுவானவை மிகுந்து, மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாகவே வரும். இதைத் தணிக்க, உள்ளூரில் இருப்போரையும் வெளியூரில் இருப்போரையும் தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு கூட்ட வேண்டும். ஆளை எண்ணாமல் குடும்பத்தை எண்ண வேண்டும், ஏனெனில் வரன் கையேட்டில் மணமாகாதவர் மட்டுமே வருவார். குடும்பத்திலிருந்து ஆட்களுக்கு மாறும்போது 2011இன் மாநிலச் சராசரியான 3.9 என்பதை அப்படியே பெருக்காதீர்கள். பொன்னூர்க்காரன் ஐயாவின் தெருவில் விளக்கெரியும் பத்தொன்பது வீடுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு முதியவர்கள்தான் இருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். சில ஊர்களிலாவது நேரில் எண்ணி உங்களுக்கென ஒரு சராசரியைக் கண்டுகொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியலிலிருந்து ஒரு சிறுபான்மையினரின் பெயரையும் முகவரியையும் பிரித்தெடுத்துக் கோப்பாக வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணி முடித்ததும் எண்ணை வைத்துக்கொண்டு பட்டியலை அழித்துவிடுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. செஞ்சிப் பகுதியில் ஆட்சியாளரின் கொடுமைக்கு அஞ்சித் திருநீறு பூசிச் சைவரானதாகச் சொல்லப்படும் நீறுபூசி வேளாளரைப் பற்றிப் படித்தேன். அவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். சேர்க்கலாமா? மேலும் 2001க்கும் 2011க்கும் இடையில் மாநில மக்கள்தொகை 15.6 விழுக்காடு வளர்ந்திருக்க, இங்குள்ள ஜைனர் 7.1 விழுக்காடுதான் வளர்ந்திருக்கிறார்கள். இதைச் சமூகம் கரைந்துவருவதற்குச் சான்றாக எழுதலாமா?

கூட்டல்கழித்தல் எழுதியது:

முதல் கேள்விக்கு என் விடை: கூடாது. பாட்டன் காலத்தில் மதம் மாறியவரின் பேரனை, அவர் தம்மை என்னவாகச் சொல்லிக்கொள்கிறாரோ அதுவாகவே எண்ண வேண்டும். பெரியம்மாவின் நிலை வேறு. அவர் ஜைனராகவே வாழ்ந்தார், படிவத்தின் சொல் அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவதற்கும் அதே விடைதான். ஜைனரின் வளர்ச்சி நாடு முழுவதிலும் 5.4 விழுக்காடுதான், ஆறு பெரிய மதங்களில் அதுவே மிகக் குறைவு. பிள்ளைப்பேறு குறைந்த, படிப்பு மிகுந்த நகர்ப்புறச் சமூகத்தின் இயல்பு அது. தவிர, நீங்கள் காட்டும் 7.1 என்பது பாதிக்கு மேற்பட்டவர்கள் சென்னையில் இருக்கும் ஒரு மொத்தத்தின் வளர்ச்சி. அதை வைத்துப் பொன்னூரைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. பழைய சென்னை மாகாணத்தின் எண்களோடு ஒப்பிடவும் முனையாதீர்கள். அதில் தென் கன்னட மாவட்டத்தின் துளு நாட்டு ஜைனரும் சேர்ந்திருந்தனர்.

கட்டுரையில் ஓர் எண் போட்டே ஆக வேண்டும் என்றால், நான் 25,000 முதல் 35,000 வரை என்று எழுதி, 2011ஐ ஒட்டிய நிலை, தமிழ்நாட்டில் வசிப்போர் மட்டும் என்ற இரண்டு வரம்புகளையும் அதே வாக்கியத்தில் சேர்ப்பேன். 40,000க்கு மேல் சொல்கிறவர், கோவை, சேலம் கடைத்தெருக்களில் எத்தனை பேரைக் கழித்தார் என்பதைக் காட்ட வேண்டும்.

மார்ச் 1, 2027ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில் எல்லோரின் சாதியும் கேட்கப்படுகிறது. மதம் ஜைனம், சாதி நயினார் என்று ஒரே படிவத்தில் பதிவானால், மொழிப் பட்டியல் தராத சாவி வேறு வழியில் கைக்கு வரும்.

பொன்னூர்க்காரன் எழுதியது:

ஐயா, அந்தச் சாவியும் முழுதாகப் பொருந்தாது. எங்களில் சாதி என்ற கட்டத்தில் நயினார் என்று எழுதுவோரும் உண்டு, ஜைனர் என்றே எழுதுவோரும் உண்டு, எங்களுக்குச் சாதியே கிடையாது என்று வாதிட்டுக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்வோரும் உண்டு. என் தம்பி மூன்றாம் வகை. ஒரே வீட்டில் பிறந்த நாங்கள் இருவருமே இரண்டு வேறு வரிசைகளில் போய் விழுவோம்.

ஏரிக்கரை அவர்களே, அடுத்த முறை மேல்சித்தாமூர் வரும்போது முன்கூட்டித் தெரிவியுங்கள். எங்கள் ஊரின் வரிப் புத்தகத்தைக் காட்டுகிறேன், விளக்கெரியும் வீடுகளையும் நாம் சேர்ந்தே எண்ணலாம். மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடுங்கள், பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு போட இயலாது.